டேப்பில் எண் இருந்தது, தாளம் இல்லை

பேஸ் கிட்டாரில் ஒரு பாட்டின் டேப்பை (tab: தந்திகளைக் கோடுகளாகவும், விரல் வைக்கும் இடத்தை எண்களாகவும் காட்டும் குறிப்பு) மூன்று வாரம் வாசித்துப் பார்த்தேன். ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) எண்கள் எல்லாம் சரி. ஆனாலும் அந்தப் பாட்டு மாதிரியே கேட்கவில்லை. கோடுகளைத் தலைகீழாகப் படிக்கிறேனோ என்று முதலில் சந்தேகம். டேப்பில் கீழ்க்கோடுதான் தடித்த ஈ தந்தி, மேல்கோடு ஜி. அதில் பிழை இல்லை.

எங்கே விரல் வைப்பது என்று டேப் சொல்கிறது. சுரம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. பேஸுக்கோ அதுதான் உயிர்.

கிட்டாரைக் கீழே வைத்தேன். பாட்டை ஓடவிட்டு, பேஸ் வரியை மட்டும் வாயால் பாடினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே, அது விழும் தாள அடியை 1, 2, 3, 4 என்று பென்சிலால் குறித்தேன். இரண்டு அடிகளுக்கு நடுவே விழுவதற்கு ஒரு கூட்டல் குறி. பிறகு மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, நான்கு நான்கு அடியாக வாசித்தேன். சுரம் முடிய வேண்டிய இடத்தில், ஃப்ரெட்டை அழுத்தும் விரலைச் சற்றே தளர்த்தினால் ஒலி நின்றுவிடும். இந்த நிறுத்தம் கைவந்த பிறகுதான் டிரம்ஸோடு ஒட்டியது. அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

இன்னொன்று: வழக்கமான சுருதியில் ஏ தந்தியின் 7-ஆம் ஃப்ரெட்டும் டி தந்தியின் 2-ஆம் ஃப்ரெட்டும் ஒரே சுரம். கை நெடுந்தூரம் தாவிய ஓரிடத்தில் டேப்பை விட்டுவிட்டு 2-க்கு மாறினேன். தடுமாற்றம் போய்விட்டது.