முகவரியில் '#' மாயமானபோது: என் அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழ மண்டிக்கு விலைப்பட்டியல் பக்கத்தைப் பராமரிக்கிறேன். பெங்களூரா, செந்தூரா, பங்கனப்பள்ளி என ஒவ்வொரு ரகத்துக்கும் தனி '#' லிங்க்; முகவரியில் '#'க்குப் பின் வரும் பெயர், பக்கத்தில் அந்த ரகம் இருக்கும் இடத்துக்கே நேராகக் கொண்டுபோகும். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் திறந்தால் பக்கத்தின் உச்சிதான் தெரியும்; முகவரியில் '#' பகுதியே இருக்காது. "செந்தூரா ரேட் எங்க தம்பி?" என்று மண்டிக்காரர் ஓயாமல் போன்.

முதல் சந்தேகம், வருபவரைப் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் மேல். அது நிரபராதி. '#' பகுதி சர்வருக்குப் போவதே இல்லை. ரீடைரக்ட் தரும் புது முகவரியில் வேறு '#' இல்லாவிட்டால், பிரவுசரே பழையதை ஒட்டிக்கொள்ளும். சர்வருக்குப் போகும் கோரிக்கைகளைக் காட்டும் பிரவுசரின் நெட்வொர்க் டேப் இதில் பெரிதாக உதவாது.

பக்கத்தில் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்டை அணைத்துப் பார்த்தேன். '#' அப்படியே நின்றது! அப்படியென்றால் அதை அழிப்பது பக்கத்தின் நிரல்தான்; அப்புறம் தேடல் சுலபம். முன்பு வேலை பார்த்தவர், '?'க்குப் பின் வரும் டிராக்கிங் குப்பையை நீக்க, பக்கத்தை மறுபடி ஏற்றாமல் முகவரியை மாற்றும் ஹிஸ்டரியின் ரீப்ளேஸ்ஸ்டேட்டுக்கு, லொகேஷனின் பாத்நேமை (தளப் பெயருக்குப் பின் வரும் பாதையை) மட்டும் கொடுத்திருந்தார். பாத்நேமில் '?'ம் இல்லை, '#'ம் இல்லை. இரண்டுமே காலி.

பாத்நேமோடு லொகேஷன் ஹேஷையும், அதாவது '#' பகுதியையும், சேர்த்தேன். முகவரி சரியானது, ஆனால் பக்கம் நகரவில்லை. பட்டியலை நிரல் ஃபெட்ச் மூலம் சர்வரிலிருந்து தனியாக வாங்குவதால் அது தாமதமாக வரும்; பிரவுசர் தேடும் நேரத்தில் அந்த ஐடி ('#'க்குப் பின் உள்ள பெயரைத் தாங்கிய பகுதி) பக்கத்தில் இல்லை. பட்டியல் வந்ததும் ஹேஷைப் படித்து, அந்த ஐடி உள்ள பகுதிக்குப் பக்கத்தை நகர்த்தும் ஸ்க்ரோல்இன்டுவியூவை அழைத்தேன். இப்போது நேராகச் செந்தூராவில் போய் நிற்கிறது.