ஜிஷ்காவின் வண்டிக்கோட்டையை மேசைமேல் நிறுத்தும் முறை

யான் ஜிஷ்கா 15ஆம் நூற்றாண்டு பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) படைத்தலைவர்; போர் வண்டிகளைப் பிணைத்து நிறுத்திக் கோட்டைபோல் பயன்படுத்தியவர். மாதிரி செய்கிறவர்கள் பலரும் அவருடைய வண்டிகளை ரயில் பெட்டிபோல் நேர்வரிசையில் ஒட்டிவிடுகிறார்கள். அங்கேயே வேலை கெட்டுப்போகிறது. வண்டிகள் சற்றுச் சாய்வாக, மூலையோடு மூலை தொட்டு நிற்க வேண்டும்; சக்கரத்தைச் சக்கரத்தோடு சங்கிலியால் பிணைக்க வேண்டும். அந்தச் சாய்வு இருந்ததால்தான் ஹுசைட்டுகளால் (சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸைப் பின்பற்றியவர்கள், ஜிஷ்காவின் படையினர்) குதிரைகளைச் சட்டென்று மீண்டும் பூட்ட முடிந்தது.

1:35 அளவு வசதியானது. ஆள் உயரம் 5 செ.மீ., வண்டித் தட்டு 10 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். முன்சக்கரம் 2.6 செ.மீ., பின்சக்கரம் 3.4 செ.மீ. தட்டுக்கும் பலகைக்கும் ஐஸ்கிரீம் குச்சி, ஆரக்காலுக்குப் பிளந்த சாத்தே குச்சி. பிணைக்கும் சங்கிலிக்கு, பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளில் கிடைக்கும் மெல்லிய கவரிங் சங்கிலியே போதும். பளபளப்பு போகக் கறுப்பு பூசுங்கள்.

வெளிப்பக்கப் பலகையில்தான் பொறுமை தேவை. சுடும் துளைகளை ஒட்டுவதற்கு முன்பே வெட்டுங்கள். பிறகு வெட்டினால் குச்சி பிளக்கும். சக்கரங்களுக்கு நடுவே, வண்டிக்கு அடியிலும் ஒரு பலகை தொங்க வேண்டும். அதை விட்டால் எதிரி தவழ்ந்து உள்ளே வந்துவிடுவான். நம் ஊர் ஈரக்காற்றில் வெள்ளைப் பசை காயத் தாமதமாகும். ஒரு பக்கம் மட்டும் பசையோ பெயின்டோ பட்ட பலகை, காலையில் பார்த்தால் வாழைமட்டைபோல் வளைந்திருக்கும். பசையை மெல்லியதாகத் தடவி, கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வையுங்கள். இரண்டு பக்கமும் பெயின்ட் அடியுங்கள்.

ஒரு வண்டிக்குச் சுமார் 20 பேர்: வண்டியோட்டிகள் 2, கைத்துப்பாக்கி 2, குறுக்குவில் 6, மற்றவர்கள் ஈட்டி, கதிரடிக்கும் கோல், கேடயத்தோடு. எல்லாரையும் தட்டில் அடைக்காதீர்கள். பாதிப்பேர் வண்டிக்குப் பின்னாலும் இடைவெளிகளிலும் நிற்கட்டும். கோல் உழவர்களின் கருவி. இரும்பு முள் வைத்ததும் ஆயுதமானது.

எந்தப் போர் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், ஜிஷ்காவின் முகமே அதைப் பொறுத்தது. 1420 மார்ச் 25, சுடோமெர்ஷ் என்றால் அவருக்கு ஒரு கண் உண்டு. 1421 டிசம்பர், குட்னா ஹோரா என்றால் இரண்டுமே போய்விட்டன. அந்த ஆண்டு ராபி கோட்டை முற்றுகையில்தான் மிஞ்சிய கண்ணை இழந்தார்.

முதன்முறை செய்பவர்களுக்குச் சுடோமெர்ஷே நல்லது. அவரிடம் 12 வண்டிகளும் சுமார் 400 பேரும்தான் இருந்தார்கள். மீன்குளக் கரை ஒரு பக்கத்தைக் காத்தது. 5 வண்டி செய்தாலே ஒரு பகுதியைக் காட்டிவிடலாம். நீர் வடிந்த குளத்துச் சேற்றுக்கு வெள்ளைப் பசை, மெல்லிய மணல், பழுப்புப் பெயின்ட் மூன்றையும் கூழாகக் குழைத்து 4 மி.மீ. தடிமனில் பரப்புங்கள். அரைகுறையாகக் காய்ந்ததும் எதிரிக் குதிரைவீரர்களின் கால்களைக் கணுக்கால் வரை அழுத்துங்கள். முழுக்கக் காய்ந்தபின் பள்ளங்களில் மட்டும் பளபளக்கும் வார்னிஷ் விடுங்கள்.