ஐந்து சென்டிமீட்டரில் ஒரு டிராகன்: அட்டை ஓவியத்துக்கு டெக்ஸ்சர் தீட்டும் முறை

மேஜிக்: தி கேதரிங் விளையாட்டின் அட்டை 63 × 88 மி.மீ. அதில் ஓவியத்துக்கென்று விடும் சட்டம் சுமார் 53 மி.மீ. அகலம், 39 மி.மீ. உயரம். கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டியின் முகப்பு. செதிலும் துருவேறிய கவசமும் ஈரப் பாறையும் அதற்குள்தான் தொட்டுப் பார்க்கத் தூண்டும்படி நிற்க வேண்டும். திரையில் 400 சதவீதம் பெரிதாக்கி, இரவெல்லாம் ஒவ்வொன்றாகத் தீட்டிய செதில்கள் அச்சில் சாம்பல் கலங்கலாக வந்து விழுவதற்கு, இந்த அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்காததே பெரும்பாலும் காரணம்.

கணக்கு எளிது. கேன்வாஸை 3200 × 2355 பிக்சலில் திறந்தால், அட்டையின் ஒரு மில்லிமீட்டருக்கு 60 பிக்சல் வரும். 150 வரி ஸ்கிரீனில் (அங்குலத்துக்கு 150 வரிசை மைப் புள்ளிகள்) ஆஃப்செட் அச்சு என்றால், மைப் புள்ளிகளுக்கு இடைவெளி 0.17 மி.மீ., அதாவது உங்கள் கேன்வாஸில் 10 பிக்சல். ஒரு வெளிச்சக் கீற்றும் அதையொட்டிய நிழலும் பிரிந்து தெரியக் குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும். ஆகவே 20 பிக்சலுக்குள் அடங்கும் கீறல், ரோமம், தையல் எதுவும் அட்டையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே ஓவியம் பின்னால் பிளேமேட்டாக (அட்டைகளைப் பரப்பி ஆடும் விரிப்பாக) பெரிதாக அச்சாகலாம், அப்போது அந்த நுணுக்கம் பயன்படும். ஆனால் அதைக் கடைசியில் சேர்த்தால் போதும்.

வேலை தொடங்கும்போதே அதே கோப்பை இரண்டாவது ஜன்னலில் திறந்து வையுங்கள். 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் 6 சதவீத ஜூம் வைத்தால் ஏறக்குறைய அட்டையின் நிஜ அளவு கிடைக்கும். கண் அடிக்கடி அங்கே போய்வர வேண்டும்.

முதலில் டெக்ஸ்சரே, அதாவது மேற்பரப்பின் சொரசொரப்பும் வழுவழுப்பும், இல்லாமல் உருவத்தை முடியுங்கள். வெறும் களிமண் பொம்மைபோல, வெளிச்சம், நடுத்தொனி, நிழல், நிழலுக்குள் எதிரொளி என்று நான்கு தொனிகள் மட்டும். இது சரியாக நிற்காவிட்டால் மேலே எத்தனை செதில் ஒட்டினாலும் உருவம் தட்டையாகத்தான் இருக்கும். பிறகு, ஒளி நிழலாகத் திரும்பும் எல்லைப் பட்டையைக் கண்டுபிடியுங்கள். உச்சி வெயிலில் மண் சாலை வழுவழுவென்று தெரியும், சாயங்கால வெயிலில் ஒவ்வொரு கல்லும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். ஒளி சாய்ந்து உரசும் இடத்தில்தான் சொரசொரப்பு தெரியும் என்பதால், உங்கள் டெக்ஸ்சரில் முக்கால் பங்கு அந்தப் பட்டையில் இருக்கட்டும். முழு வெளிச்சத்தில் கொஞ்சம், ஆழ்ந்த நிழலில் அநேகமாக ஒன்றும் வேண்டாம். பளபளப்பான பொருளுக்கு மட்டும் இது மாறும்: ஈரத்தோல், மெருகேற்றிய இரும்பு போன்றவற்றில் ஹைலைட் (ஒளி பட்டு மின்னும் இடம்) எப்படி உடைந்து நெளிகிறது என்பதிலேயே மேற்பரப்பு தெரிந்துவிடும்.

எந்தப் பொருளையும் தீட்டுமுன் அதன் ஹைலைட்டைப் பற்றிக் கேளுங்கள்: அகலமா குறுகலா, விளிம்பு கூர்மையா மங்கலா, நிறம் என்ன? எஃகில் இருட்டும் வெளிச்சமும் இடைத்தொனி இல்லாமல் கூர்மையாக ஒட்டி நிற்கும். மேல்பக்கம் வானத்தின் நீலத்தையும் கீழ்ப்பக்கம் மண்ணின் பழுப்பையும் வாங்கிக்கொள்ளும். தங்கத்தின் ஹைலைட்டில் மஞ்சள் ஏறியிருக்கும், வெறும் வெள்ளை வைத்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும். தோல் வாரில் ஹைலைட் அகலமாக, மந்தமாக விழும், மடியும் இடத்தில் வெடிப்பு ஓடும், உராயும் விளிம்பில் சாயம் போய் வெளிறும். வெல்வெட் நம் பார்வைக்கு நேராக இருக்கும் இடத்தில் இருண்டு, திரும்பிப் போகும் ஓரத்தில் மின்னும். பட்டில் மடிப்பின் முகட்டில் ஒல்லியான ஒளிக்கோடு. கம்பளிக்கு ஹைலைட்டே கிடையாது, விளிம்பு மட்டும் பிசிர் பிசிராக. மனிதத் தோலில் ஒளி நிழலாகும் எல்லையில் மெல்லிய சிவப்பு வைத்தாலே ரத்தம் ஓடுகிற உணர்வு வந்துவிடும்.

இனி செதில். வேலிமேல் உட்காரும் ஓணானைவிட நல்ல மாதிரி தேட வேண்டியதில்லை. அதன் உடம்புச் செதில்கள் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முகட்டுக்கோடு ஓடி, நுனி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். முதலையின் முதுகுத் தகடுகள் வேறு வகை. அவை ஏறி அமர்வதில்லை, பக்கம் பக்கமாக, நடுவே பள்ளம் விட்டு இருக்கும். சதுப்பு நில டிராகனுக்கு அதுவே பொருந்தும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலி முதலைப் பண்ணையில் அரை நாள் நின்று படம் எடுத்து வந்தால் பல ஓவியங்களுக்குக் கைகொடுக்கும். எந்த வகை என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், ஒரே உடம்பில் காரணமில்லாமல் இரண்டையும் கலக்காதீர்கள்.

கழுத்தைச் சுற்றி வளையம் வளையமாக வழிகாட்டிக் கோடுகள் போடுங்கள். உருவம் திரும்பும் இடத்தில் வளையங்கள் நெருங்க வேண்டும். பார்வை விழும் இடத்தில் ஒரு செதில் 60 முதல் 80 பிக்சல், முகத்துக்கு அருகே 35 முதல் 40, வயிற்றுத் தகடுகள் 150க்கு மேல். ஒரு செதிலுக்கு வேலை இவ்வளவுதான்: அடித்தொனி, அதன் கீழ் விளிம்பிலிருந்து அடுத்த செதில்மேல் விழும் 12 பிக்சல் மென்நிழல், நடு முகட்டில் சற்றே வெளிறிய கோடு, ஒளி வரும் பக்க விளிம்பில் மட்டும், அதுவும் அறுந்து அறுந்து, ஒரு வெளிச்சம். பொட்டு ஹைலைட் ஐந்து செதிலுக்கு ஒன்றில் போதும். பத்துப் பன்னிரண்டு செதிலுக்கு ஒருமுறை ஒழுங்கைக் கலையுங்கள். ஒன்று நுனி உடைந்திருக்கட்டும், ஒன்று உதிர்ந்திருக்கட்டும், பழைய காயம் ஆறிய இடத்தில் சிறிதாக முளைத்திருக்கட்டும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, எல்லாச் செதிலையும் சுற்றி ஒரே கனத்தில் கறுப்புக்கோடு போடுவது. டிராகன்மேல் மீன்வலை போர்த்தியதுபோல ஆகிவிடும். நிழல் பக்கத்தில் எதிரொளி தொடும் மூன்று நான்கு விளிம்புகளைக் காட்டினால் மீதியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

துருவுக்கும் இதே கவனம் தேவை. கவசம் முழுக்க ஆரஞ்சு ஸ்பாஞ்ச் பிரஷ் ஒத்தினால் அது துருவாகத் தெரியாது, பெயின்ட் சிந்தியதாகத் தெரியும். தண்ணீர் எங்கே தங்கும் என்று யோசியுங்கள்: ரிவெட்டின் (தகடுகளைப் பிணைக்கும் ஆணியின்) அடிப்பக்கம், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடுக்கு, கீல். 40 பிக்சல் ரிவெட் ஒன்றுக்கு, கீழ்ப்புறம் பிறை வடிவில் கரும்பழுப்பு, அதன்மேல் இரண்டு புள்ளி புதுத்துருவின் ஆரஞ்சு, அங்கிருந்து கீழ்நோக்கி 80 பிக்சல் நீளத்தில் 30 சதவீத ஒபாசிட்டியில் வழிந்து மறையும் கறை. துரு ஒளியை மழுக்கும் என்பதால் அந்த இடத்தில் ஹைலைட்டை அழித்துவிடுங்கள். முழங்கை, தோள் விளிம்பு போன்று ஓயாமல் உராயும் இடங்களில் வெள்ளிரும்பு பளிச்சிடட்டும்.

புகைப்பட டெக்ஸ்சர் பயன்படுத்தலாம், தவறில்லை. நீங்களே எடுத்த படமாக இருக்கட்டும், மேகமூட்டத்தில் எடுத்தது நல்லது. வெயிலில் எடுத்த சுவருக்குச் சொந்த நிழல் இருக்கும், அது உங்கள் ஓவியத்தின் ஒளியோடு சண்டை போடும். நிறத்தை நீக்கி, ஹை பாஸ் ஃபில்டரை 15 முதல் 20 பிக்சலில் ஓட்டுங்கள். படத்தின் பெரிய ஏற்ற இறக்கங்கள் நடுச்சாம்பலாகிவிடும், லேயரை ஓவர்லே கலப்பு முறையில் வைக்கும்போது அந்தச் சாம்பல் கீழே உள்ள தொனியைத் தொடாது, சொரசொரப்பு மட்டும் ஏறும். ஒபாசிட்டி 20 முதல் 30 சதவீதம். வார்ப் கருவியால் உருவத்தின் வளைவுக்கு வளைத்து, மாஸ்க்கில் நடுத்தொனிப் பட்டை தவிர மற்றதை அழித்து, மேலே கையால் தீட்டுங்கள். அருகிலுள்ள பாறைக்கும் தூரத்துப் பாறைக்கும் ஒரே படத்தை ஒரே அளவில் போட்டால் தூரம் என்பதே காணாமல் போகும்.

எண்ணெய் வண்ணத்தில் தீட்டுபவர்களுக்கு 3 மி.மீ. ஹார்ட்போர்டு ஏற்றது. துணியின் நெசவு படமெடுக்கும்போது குறுக்கிடும். ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 உப்புத்தாள், கடைசிப் பூச்சுக்கு 400. சட்டத்தைப்போல ஏழு மடங்கு, அதாவது 37 × 27 செ.மீ. பலகையில், மேலே சொன்ன 20 பிக்சல் எல்லை 2.3 மி.மீ. ஆகிறது. ஒற்றை ரோமப் பிரஷ்ஷை எடுத்து வைத்துவிடலாம். பாறைக்கு உலர் பிரஷ், கல் தூசிக்குப் பழைய டூத்பிரஷ் தெறிப்பு. நிழலை மெல்லியதாகவும் வெளிச்சத்தைக் கனமாகவும் வையுங்கள். கனத்த வண்ணம் கேமராவில் கண்ணைக் கூசும். விளக்குகளின்மேல் போலரைசிங் தாளும் லென்ஸில் போலரைசிங் ஃபில்டரும் வைத்து, ஒன்றை 90 பாகை திருப்பினால் அந்தக் கூச்சம் போய்விடும்.

அச்சில் மை பரவும். நடுத்தொனிகள் பொதுவாக 15 முதல் 20 சதவீதம் கனத்துவிடும். திரையில் 15 சதவீத வெளிச்சத்துக்குக் கீழே வைத்த செதில்கள் மொத்தமாகக் கறுப்பில் மூழ்கும், ஆகவே நிழல்களை லெவல்ஸ் கருவியில் சற்று தூக்கி விடுங்கள். மாயக்கல்லின் மின்னும் நீலமும் ஊதாவும் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறங்கள்) ஆக மாறும்போது மங்கும், அந்த ஒளியைச் செறிந்த நிறத்தை நம்பி விடாமல் சுற்றியுள்ள இருட்டால் காட்டுங்கள். ஒப்படைக்குமுன் 53 மி.மீ. அகலத்தில் போட்டோ பேப்பரில் ஒரு பிரதி எடுத்து, வீட்டு விளக்கில், ஒரு கை நீளத்தில் பிடித்துப் பாருங்கள். எது எஃகு, எது தோல், எது செதில் என்று இரண்டு விநாடியில் பிரியவில்லை என்றால் டெக்ஸ்சரைக் கூட்டாதீர்கள், அடியிலுள்ள நான்கு தொனிகளுக்குத் திரும்பிப் போய் அங்கே திருத்துங்கள்.