சாளரம் சொன்ன இடத்தில்தான் நிற்கிறதா? க்யூடி செயலிகளுக்கான தானியங்கிச் சோதனை

வரைகலைச் செயலிகளை எழுத உதவும் க்யூடி நூலகத்தில் மூவ்(200, 150) என்று எழுதியதும் சாளரம் அங்கே போய் நின்றுவிடாது. எக்ஸ்11-இல் (லினக்ஸில் பயன்படும் சாளர அமைப்பு) அது விண்டோ மேனேஜரிடம் (சாளரங்களை இடம்பார்த்து வைத்து, சுற்றிச் சட்டகமிடும் நிரல்) கொடுக்கும் மனு. விண்டோ மேனேஜர் அதை ஏற்கலாம், திருத்தலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். ஆனால் க்யூடி, பதில் வரும்வரை காத்திராமல், கேட்ட எண்ணையே, சாளரத்தின் இடத்தைச் சொல்லும் பாஸ்() வழியாகத் திருப்பிச் சொல்லும். பாஸ்()-ஐ மட்டும் பார்க்கும் சோதனை, விண்டோ மேனேஜர் தூங்கினாலும் தேறிவிடும். இடத்தை வெளியிலிருந்துதான் கேட்க வேண்டும்.

முதலில் மாறாத திரை ஒன்று வேண்டும். எக்ஸ்விஎஃப்பி-யை (மானிட்டர் இல்லாமல் நினைவகத்திலேயே இயங்கும் எக்ஸ்11 திரை) :99 என்ற எண்ணில், 1280x1024x24 அளவில் தொடங்குங்கள். அதில் விண்டோ மேனேஜர் கிடையாது. அப்படியே ஓட்டினால் சாளரத்துக்குச் சட்டகமே (தலைப்புப் பட்டையும் ஓரங்களும்) வராது, எல்லாக் கணக்கும் பொய்யாகச் சரிவரும். எனவே ஓப்பன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜரையும் ஓட்டி, ரூட் சாளரத்தில் (திரை முழுவதற்குமான அடிச் சாளரம்) _நெட்_சப்போர்ட்டிங்_டபிள்யூஎம்_செக் என்ற பண்பு தோன்றும்வரை பொறுங்கள். சோதனைகளை இணையாக ஓட்டுவதானால் எக்ஸ்விஎஃப்பி-ரன் -ஏ ஒவ்வொன்றுக்கும் காலியான எண்ணைத் தானே தேடிக்கொள்ளும்.

அடுத்து, சாளரத்தைக் காட்டி, அது திரையில் தெரியும்வரை காத்திருக்கும் க்யூவெய்ட்ஃபார்விண்டோஎக்ஸ்போஸ்டு முடிந்த பிறகே நகர்த்துங்கள். அதற்கு முன் சட்டகத்தின் அளவு க்யூடிக்கே தெரியாது.

இப்போது எக்ஸ்வின்இன்ஃபோ என்ற கட்டளை தரும் 'அப்சல்யூட் அப்பர்-லெஃப்ட்' எண்களை எடுங்கள். இவை உள்பகுதியின் மூலை. பாஸ்() குறிப்பதோ சட்டகத்தின் மூலை. இடைவெளியை _நெட்_ஃபிரேம்_எக்ஸ்டென்ட்ஸ் என்ற சாளரப் பண்பு சொல்லும். அதன் வரிசை இடது, வலது, மேல், கீழ். இடது 1, மேல் 22 என்றிருந்தால் 201, 172 வர வேண்டும். இந்த 1, 22 தீமுக்குத் தீம் மாறும். நிரலில் நேரடியாக எழுதிவைத்தால் என்றாவது காலை வாரும். ஸ்லீப் போட்டுக் காத்திருப்பதும் வேண்டாம்: 50 மில்லிநொடிக்கு ஒருமுறை கேட்டு, 5 நொடியில் வராவிட்டால் தோல்வி என்று வையுங்கள்.

துல்லிய எண்ணைவிட உறவைச் சோதிப்பது பெரும்பாலும் மேல். உரையாடல் பெட்டியின் மையம் தாய்ச் சாளரத்தின் மையத்திலிருந்து 2 பிக்சலுக்குள் இருக்கிறதா? (ஒற்றைப்படை அகலத்தைப் பாதியாக்கும்போது ஒரு பிக்சல் எப்படியும் நழுவும்.) பயனர்கள் உண்மையில் திட்டுவது வேறொன்றுக்கு: இரண்டாவது மானிட்டரைக் கழற்றியதும் சாளரம் காணாமல் போவது. சேமித்த இடத்தை 2500, 100 என்று மாற்றிச் செயலியைத் திறந்து, தலைப்புப் பட்டை 1280 அகலத்துக்குள் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் எட்டிப் பார்த்தால் போதாது. பட்டையைப் பிடித்து இழுக்க முடிய வேண்டும்.

திரை உருப்பெருக்கத்தைக் குறிக்கும் க்யூடி_ஸ்கேல்_ஃபேக்டர் என்ற சூழல் மாறியை 1.5 ஆக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். சட்டகத்தின் மூலை 200 என்று க்யூடி சொன்னால், திரையில் அது 300 ஆக இருக்க வேண்டும்.

வேலண்டில் (எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த சாளர அமைப்பு) செயலி தன் சாளரத்தைத் தானே திரையில் இடம் குறித்து வைக்க முடியாது. அங்கே இடச் சோதனைகளை ஸ்கிப் செய்து, அளவை மட்டும் பாருங்கள். விண்டோஸ் 10-இல் சாளரத்தின் எல்லையைத் தரும் கெட்விண்டோரெக்ட், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தையும் சேர்த்தே அளக்கும். 100% அளவில் இடது, வலது, கீழ் ஆகியவற்றில் பொதுவாக 7 பிக்சல். கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு டிடபிள்யூஎம்-இன் (விண்டோஸில் சாளரங்களைத் திரையில் சேர்த்து வரையும் பகுதி) எக்ஸ்டெண்டட் ஃபிரேம் பவுண்ட்ஸைக் கேளுங்கள்.

தோல்வியடைந்த சோதனைக்குத் திரைப்பிடிப்பையும் எக்ஸ்வின்இன்ஃபோ வெளியீட்டையும் சேர்த்தே சேமியுங்கள். படம் மட்டும் இருந்தால் 1 பிக்சல் பிழையைக் கண்ணால் தேட வேண்டியிருக்கும்.