நூலகக் கேட்லாகில் தேடினால் 'ஒன்றும் இல்லை' என்று வருகிறதா?

கல்லூரி நூலகத்தின் தேடல் பக்கத்தை ஓபேக் என்பார்கள். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் அது கோஹா என்ற மென்பொருளில் ஓடுகிறது. நியூசிலாந்தில் ஒரு மாவட்ட நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-ல் பயன்பாட்டுக்கு வந்த இலவச மென்பொருள் அது. இங்கே அதை வைத்தே சொல்கிறேன். உங்கள் கல்லூரியில் வேறு மென்பொருள் இருந்தால் பொத்தான்களின் பெயர்கள் மாறலாம், தேடும் முறை பெரிதாக மாறாது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பி.ஏ. பொருளாதாரம் இறுதியாண்டு புராஜெக்ட். தலைப்பு: திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் பாசன விவசாயிகளுக்கு ஏற்பட்ட இழப்பு.

1. தலைப்பை அப்படியே தட்டாதீர்கள்

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். முழுத் தலைப்பையும் ஆங்கிலத்தில் தட்டுவார்கள், பூஜ்யம் வரும், 'நம்ம லைப்ரரில ஒண்ணுமே இல்ல' என்று எழுந்து போய்விடுவார்கள்.

கேட்லாக் கூகுள் மாதிரி புத்தகத்துக்குள் நுழைந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பதிவு இருக்கும். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பொருள் தலைப்பு, இன்னும் சில விவரங்கள். அந்தச் சில வரிகளுக்குள்தான் தேடல் நடக்கிறது. நீங்கள் தட்டும் சொற்கள் எல்லாம் ஒரே பதிவில் இருந்தால்தான் அது கண்ணில் படும். நொய்யலைப் பற்றி இருபது பக்கம் பேசுகிற புத்தகமாக இருக்கலாம், ஆனால் பதிவில் நொய்யல் என்ற சொல் இல்லையென்றால் வராது.

ஆகவே இரண்டே சொற்களில் தொடங்குங்கள்: வாட்டர் பொல்யூஷன். அப்புறம் தனியாக, டெக்ஸ்டைல் இண்டஸ்ட்ரி. ஆற்றின் பெயர், ஊரின் பெயர் எல்லாம் பிறகு.

2. எழுத்துக்கூட்டலில் ஏமாறாதீர்கள்

ஊர்ப்பெயர்தான் பெரிய தலைவலி. திருப்பூரை ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு 'பி' போட்டும் எழுதுகிறார்கள், முதல் எழுத்துக்குப் பின் 'எச்' சேர்ப்பவர்களும் உண்டு. பதிவு செய்தவர் எதை எழுதினாரோ தெரியாது. இரண்டு வடிவங்களையும் நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடலாம். சொல்லைப் பாதியில் நிறுத்தி நட்சத்திரக் குறி போட்டாலும் வரும். ஆனால் முதல் 'பி'-யோடு நிறுத்தி நட்சத்திரம் போட்டால் திருப்பதியும் சேர்ந்து வந்து நிற்கும்.

சாயமிடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் 'ஒய்'-க்குப் பின் ஓர் 'இ' உண்டு. அதை விட்டுவிட்டால் மரணத்தைப் பற்றிய புத்தகங்கள் வரிசைகட்டும்.

தமிழ்ப் புத்தகம் தேடும்போது தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடிப் பாருங்கள். சிலப்பதிகாரத்தை 'எஸ்'-ல் தொடங்கும் நூலகமும் உண்டு, 'சி'-யில் தொடங்கும் நூலகமும் உண்டு. ஆசிரியர் பெயரில் இனிஷியலைச் சேர்க்காமல் பெயரை மட்டும் தட்டுவது நல்லது.

3. ஒரு நல்ல புத்தகம் கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்

என்னைக் கேட்டால் மொத்தத் தேடலிலும் இதுதான் முக்கியமான கட்டம். பலர் தாண்டிப்போவதும் இதைத்தான்.

வந்த பட்டியலில் உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஒரு புத்தகத்தைச் சொடுக்கித் திறங்கள். பதிவில் சப்ஜெக்ட் என்ற வரியில் நூலகர் கொடுத்த பொருள் தலைப்புகள் இணைப்புகளாக இருக்கும். 'வாட்டர், பொல்யூஷன், இந்தியா' என்பது போல. அதைச் சொடுக்கினால் அதே பொருள் தலைப்பு கொடுக்கப்பட்ட மற்ற புத்தகங்களும் வந்துவிடும், அவற்றின் பெயரில் நீங்கள் தேடிய சொல் இல்லாவிட்டாலும். நீங்கள் ஊகித்துத் தட்டிய சொல்லை விட நூலகர் பயன்படுத்திய சொல் எப்போதும் வலுவானது.

பிறகு அழைப்பு எண்ணைப் பாருங்கள். புத்தகம் எந்த ரேக்கில், எந்த இடத்தில் இருக்கும் என்று சொல்லும் எண் அது. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்களால் பிரிக்கும் டியூயி முறையைப் பின்பற்றும் நூலகங்களில் நீர் மாசு சமூகப் பிரச்சினையாகப் பேசப்பட்டால் 363.7394-ல் இருக்கும். சுத்திகரிப்பு, பரிசோதனை என்று பொறியியலாகப் பேசப்பட்டால் 628.168-க்குப் போய்விடும். நீர்வளப் பொருளாதாரம் 333.91. ஜவுளித் தொழிலின் பொருளாதாரம் 338.47677. ஒரே புராஜெக்ட், நான்கு ரேக். ஒரு ரேக்கின் முன்னால் நின்று தேடியவருக்கு மற்ற மூன்றும் தெரியாமலே போகும். கேட்லாகை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

டியூயி போலவே இன்னொரு பகுப்பு முறையும் உண்டு. சீர்காழியில் பிறந்த நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை 1933-ல் வெளிவந்தது. அதைப் பின்பற்றும் நூலகத்தில் எண்களோடு எழுத்துகளும் கலந்திருக்கும். அங்கே மேலே சொன்ன எண்கள் பொருந்தாது, பொருள் தலைப்பு வழி பொருந்தும்.

பதிவில் 'பிரவுஸ் ஷெல்ஃப்' என்று ஓர் இணைப்பு இருந்தால் அழுத்திப் பாருங்கள். ரேக்கில் அந்தப் புத்தகத்துக்கு இடமும் வலமும் இருக்க வேண்டியவற்றைத் திரையிலேயே காட்டும்.

4. அதிகமாக வந்தால் குறையுங்கள்

இடது பக்கம் ஆசிரியர், பொருள், இடம் என்று வடிகட்ட வசதி இருக்கும். அட்வான்ஸ்டு சர்ச்சில் ஆண்டையும் குறிப்பிடலாம். சுத்திகரிப்பு விதியைப் பின்பற்றாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அதற்குப் பிந்தைய நிலை வேண்டுமென்றால் ஆண்டுக் கட்டத்தில் 2011 என்று தட்டி ஒரு சிறு கோடு போட்டால் போதும்.

புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐ வைத்துத் தேடுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பதிப்புக்குப் பதிப்பு அந்த எண் மாறும். ஐந்தாம் பதிப்பின் எண்ணைக் கொடுத்தால் அலமாரியில் இருக்கும் நான்காம் பதிப்பு வராமல் போகலாம்.

5. ரேக்குக்குப் போகும் முன்

அழைப்பு எண்ணை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள், கீழே வரும் ஆசிரியர் பெயரின் மூன்றெழுத்தோடு. அக்சஷன் நம்பரைக் குறித்துக்கொண்டு ரேக் ரேக்காக அலைபவர்கள் உண்டு. அது ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாகத் தரும் எண், கவுன்ட்டரில்தான் பயன்படும்.

புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம். ஆகவே 363.7394 முன்னால், 363.75 பின்னால். எண் நீளமாக இருப்பதால் பின்னால் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

நிலையையும் பாருங்கள். 'நாட் ஃபார் லோன்' என்றிருந்தால் அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான். இஷ்யூ ஆகியிருந்தால் திரும்ப வரவேண்டிய தேதி தெரியும். உங்கள் நூலகம் அனுமதித்தால் 'பிளேஸ் ஹோல்டு' அழுத்தி முன்பதிவு போட்டு வைக்கலாம். பிடித்தவற்றை 'கார்ட்'டில் போட்டால் பிரவுசரை மூடியதும் போய்விடும். லாகின் செய்து 'லிஸ்ட்'டில் சேமியுங்கள்.

6. கேட்லாகில் கிடைக்காதவை

ஆய்விதழின் பெயர் கேட்லாகில் இருக்கும், அதில் வந்த கட்டுரைகள் பொதுவாக இருக்காது. கட்டுரைகளுக்குக் கல்லூரிகளுக்கான மின்னூல், மின்னிதழ்ச் சேவையான என்-லிஸ்ட் இருக்கிறது, உங்கள் கல்லூரி அதில் உறுப்பினரா என்று நூலகத்தில் கேட்டு லாகின் வாங்குங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையதளம். நொய்யல் மாதிரி உள்ளூர் விஷயங்களுக்குப் புத்தகங்களை விட ஆய்வேடுகள்தான் கைகொடுக்கும். லாகின் தேவையில்லை. அங்கே மட்டும் ஆற்றின் பெயரைத் தைரியமாகத் தட்டலாம்.