பிசிபி தடங்களின் மின்பண்புகளைக் காகிதத்திலேயே கணிப்பது எப்படி?

பிசிபி என்பது அச்சிட்ட மின்சுற்றுப் பலகை; கம்பிகளுக்குப் பதிலாக அதில் ஓடும் செம்புக் கோடுகளே தடங்கள். எஃப்ஆர்-4 (கண்ணாடி இழையும் எப்பாக்ஸிப் பிசினும் சேர்ந்த பொருள்) பலகையின் மேற்பரப்பில் 0.25 மி.மீ. அகலமும் 100 மி.மீ. நீளமும் உள்ள ஒரு தடம் ஓடுகிறது. அதற்கு நேர் கீழே, 1.6 மி.மீ. தடிமனுக்கு அப்பால், முழு கிரவுண்ட் பிளேன் (சுற்றின் பூஜ்ய வோல்ட்டுடன் இணைந்த செம்புப் பரப்பு) இருக்கிறது என்று கொள்வோம்.

மின்தடையைக் கணிக்கத் தடத்தை அதன் அகலமே பக்கமாக உள்ள சதுரங்களாக எண்ணினால் போதும். ஒரு அவுன்ஸ் செம்பின் (ஒரு சதுர அடியில் ஒரு அவுன்ஸ் எடையுள்ள படலத்தின்) தடிமன் சுமார் 35 மைக்ரோமீட்டர் என்பதால், சதுரம் பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ அரை மில்லி ஓம் மின்தடை வரும். நீளத்தை அகலத்தால் வகுத்தால் 400 சதுரங்கள், அதாவது 0.2 ஓம். இதன் வழியே 1 ஆம்பியர் சென்றால் 0.2 வோல்ட் இழப்பு நேரும், 3.3 வோல்ட் மின்வழங்கலில் இது அலட்சியப்படுத்தக்கூடிய அளவன்று. செம்பு 40 டிகிரி சூடேறினால் இந்த மின்தடை மேலும் சுமார் 16 விழுக்காடு கூடும்.

மின்தேக்குத்திறனில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பள்ளியில் படித்த இணைத்தட்டுச் சூத்திரத்தை இங்கே போட்டால் 0.6 பிகோ ஃபாரட் மட்டுமே கிடைக்கும். தடத்தின் அகலம் பலகையின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவாக இருப்பதால், மின்புலத்தின் பெரும்பகுதி விளிம்புகளிலிருந்து பக்கவாட்டில் பரவுகிறது, அதை அந்தச் சூத்திரம் கணக்கிலேயே கொள்வதில்லை. ஆகவே முதலில் இம்பீடன்ஸை, அதாவது தடத்தில் பயணிக்கும் சமிக்ஞையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதத்தை, கண்டுபிடிப்பதே நல்லது. பலகைத் தடிமனின் 8 மடங்கைத் தட அகலத்தால் வகுத்து, கிடைப்பதன் இயல் மடக்கையை 60 ஆல் பெருக்கி, பயனுறு ஒப்புமை விடுதிறனின் (வெற்றிடத்தோடு ஒப்பிட, தடத்தைச் சுற்றியுள்ள பொருள் மின்தேக்குத்திறனை எத்தனை மடங்காக்குகிறது என்பதன்) வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். புலத்தின் ஒரு பகுதி காற்றில் இருப்பதால், பலகைப் பொருளுக்குரிய 4.4 அன்றி, சுமார் 2.9 என்பதையே இங்கே விடுதிறனாகக் கொள்ள வேண்டும். விடை ஏறத்தாழ 139 ஓம். (தடம் பலகைத் தடிமனைவிட அகலமானால் இந்தச் சூத்திரம் பொருந்தாது.)

அதே 2.9 இன் வர்க்கமூலத்தால் ஒளியின் வேகத்தை வகுத்தால் சமிக்ஞையின் வேகம் கிடைக்கும். அதன்படி 100 மி.மீ. கடக்க 0.57 நானோ விநாடி ஆகும். இந்தத் தாமதத்தை இம்பீடன்ஸால் வகுத்தால் மின்தேக்குத்திறன் 4.1 பிகோ ஃபாரட். பெருக்கினால் தூண்டல் 79 நானோ ஹென்றி. தட்டுச் சூத்திரம் காட்டியதைப்போல் இந்த மின்தேக்குத்திறன் கிட்டத்தட்ட ஏழு மடங்கு!

சமிக்ஞை ஏறும் நேரம், போய்வரும் தாமதமான 1.1 நானோ விநாடியைவிடக் கணிசமாக நீண்டிருந்தால், இந்தத் தடத்தைச் சாதாரண மின்தேக்கியும் தூண்டியுமாகவே கருதலாம். அதை நெருங்கினாலோ அதற்குக் கீழே போனாலோ சமிக்ஞை தட முனையில் பட்டுத் திரும்பும் எதிரொலிப்பைக் கவனித்தாக வேண்டும். அப்போது தடத்தை ஏறத்தாழ 3 மி.மீ. அகலமாக்கி 50 ஓமுக்குக் கொண்டுவருவதைவிட, மூலத்தின் அருகில் தொடர் மின்தடை ஒன்றை வைப்பதே பெரும்பாலும் எளிது.