கடிவாய் சின்னது, வீக்கம் வேறு இடத்தில்

தெருநாய் கவ்வி உதறியதில் எங்கள் நாயின் தோளில் மிளகளவு இரண்டு ஓட்டைகள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவினேன், அதுவரை சரி. பிறகு மஞ்சளைக் குழைத்து அப்பியதுதான் தப்பு. பொருக்குத் தட்டிக் கடிவாய் மூடிக்கொண்டது, சீழ் உள்ளேயே தங்கியது. மூன்றாம் நாள் காய்ச்சல், நொண்டல். களிம்பும் வெந்நீர் ஒத்தடமும் கேட்கவில்லை.

வீங்கியது கடிவாயில் அல்ல, நான்கு விரல் கீழே, முன்னங்கால் இடுக்கில். அதைச் சுளுக்கு என்று நினைத்து இரண்டு நாள் போனது. உதறும்போது தோல் தசையை விட்டுப் பிரிந்து பை போலாகிவிடும். சீழ் அதன் அடிக்கு இறங்கும்.

டாக்டர் முடியை மழித்ததும் மூன்றாவது ஓட்டை தெரிந்தது. மயக்கம் கொடுத்து, பையின் தாழ்ந்த முனையில் கீறி, சலைனால் அலசி, மெல்லிய ரப்பர் வடிகுழாய் வைத்தார். காயத்தை முழுக்கத் தைக்கவில்லை. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் எடைக்கேற்ற அளவில், நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு. நான்காம் நாள் கசிவு குறைந்ததும் குழாயை எடுத்தார்.

ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிபட்ட நாய்க்கு வெறிநோய் ஊசி மறுபடி போட வேண்டும். வலிக்கு வீட்டிலுள்ள ஐபுப்ரோஃபென் கொடுத்துவிடாதீர்கள். நாயின் குடலும் சிறுநீரகமும் தாங்காது.